வேலையில் பேதம் ஒழிவது எந்நாள்?

பிறப்பினால் ஒருவருக்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை என்று நாம் மேடைதோறும் பேசி வருகின்றோம்; பத்திரிகைதோறும் எழுதி வருகின்றோம். கேட்போர் கைதட்டுகின்றனர், படிப்போர் தலையசைக்கின்றனர். ஆனால் அந்தக் கொள்கை நாட்டில் எவ்வளவு தூரம் வேரூன்றியிருக்கின்றது என்பதை அறிய வேண்டுமானால், மேடையைப் பார்த்துப் பயனில்லை. சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த வேலை, எந்த வேலைக்கு எவ்வளவு கூலி, யார் மனுப் போட்டால் கதவு திறக்கும், யார் போட்டால் "இடம் நிரம்பிவிட்டது" என்ற மறுமொழி வரும் என்பவற்றை அறிந்தோமானால், அந்நாட்டின் நீதி எத்தகையது என்பதை வேறு எவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணிமாராகிய நமக்கு இந்தப் பட்டியல் அன்றாடம் கண்ணிற் படுகின்றது. செம்பனைத் தோட்டத்திலே குலை வெட்டுகின்றவன் ஆண்; கீழே சிதறிய உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்குகின்றவள் பெண். டிராக்டர் ஓட்டுகின்றவன் ஆண்; முதுகிலே தோம்பைச் சுமந்து மருந்தடிப்பவள் பெண். மண்டோர் என்றும், கண்டக்டர் என்றும், கிராணி என்றும், சின்னத் துரை என்றும் படிப்படியாக ஏறிப் போகும் ஏணியிலே பெண்ணின் பெயரைத் தேடிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இதனை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நடந்து வருகின்றது. எழுதாமல் நடப்பதனாலேயே அதனை இயற்கையென்று பலர் எண்ணி விடுகின்றனர்.

நாம் சொல்ல வந்தது இதுவேயாகும்: பெண்மக்களுக்கும் சிறுபான்மை இனத்தார்க்கும் வேலையில் சமவாய்ப்பு என்பது முதலாளியின் நல்ல மனத்தைப் பொறுத்த காரியமாக இருக்கும்வரை கிட்டாது. சர்க்கார் சட்டம் செய்து, அந்தச் சட்டத்தை நடத்தியும் காட்டினால்தான் கிட்டும். "தொழில் நடத்துகின்றவனுக்கு வேண்டிய ஆளை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு, இதில் சர்க்கார் ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்கின்ற கனவான்களுக்கு முதலில் ஒரு பழைய கணக்கைக் காட்ட விரும்புகின்றோம்.

1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மலாயாவில் தோட்டத் தமிழருக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. கடற்கரையை அடுத்த முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதியில் ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அந்தக் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பெண் வெட்டிய பால் தண்ணீராக இருந்ததா? அவள் எடுத்து வந்த பாலைப் பாக்டரியில் தனியாக வேறு விலைக்கு விற்றார்களா? இல்லை. மரம் ஒன்று, கத்தி ஒன்று, வாளி ஒன்று, விடியற்காலைப் பெரட்டும் ஒன்று. கூலி மாத்திரம் இரண்டு! இந்த இரண்டு கூலியை விதித்தது தனி முதலாளி அல்லன். சர்க்கார் அமைத்த கமிட்டி. ஆகவே வேலை விஷயத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்ற பேச்சுக்கு இந்நாட்டில் ஆதாரமே கிடையாது. பேதத்தை வளர்ப்பதற்கு அன்று தலையிட்ட சர்க்கார், பேதத்தை ஒழிப்பதற்கு இன்று தலையிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கின்றோம்.

படித்தவர்கள் கதையும் அதுதான். மலாயா சிவில் சர்வீஸில் சேருவதற்கு, தாய்வழியிலும் தந்தைவழியிலும் கலப்பற்ற ஐரோப்பிய வமிசத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று 1904-இல் விதி செய்தார்கள். இங்கிலீஷ் படித்த ஆசியன் எத்தனை பரீட்சை தேறினாலும் மேசைக்கு இப்பாலேயே உட்கார வேண்டியிருந்தது. அந்நாளிலும் "தகுதி" என்ற சொல் இருந்தது. அந்தத் தகுதி தோலின் நிறத்தைக் குறித்தது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் மக்கள் மறக்கலாகாது. இந்தியத் தொழிலாளருக்குச் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது. தோட்டத்து மேலதிகாரிகள் பெண்களுக்குச் செய்யும் தொல்லை நிற்க வேண்டும் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனை அரசாங்கம் கைது செய்து நாடு கடத்தியது, பட்டாளம் வந்தது, சிலர் சுடப்பட்டு மாண்டனர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தொழிலாளிகள், இனத்தின் பேரால் வரும் இழிவையும் பெண் என்பதனால் வரும் இழிவையும் ஒரே தாளில் எழுதி நீட்டினார்கள். பட்டம் பெற்றவர்கள் இன்று அவ்விரண்டையும் இரண்டு பிரச்சினைகளாகப் பிரித்து, "முதலில் இன நீதி, பெண்கள் சங்கதி பிறகு" என்று வரிசை வைக்கின்றார்கள்!

சட்டம் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். சிங்கப்பூர் அரசாங்கம் தன் உத்தியோகத்திலிருந்த பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளத்தை 1962-இல் ஒப்புக்கொண்டது. மலேசிய அரசாங்கம் 1969-இல் ஒப்புக்கொண்டது. மலேசிய அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில், மதம், இனம், வமிசம், பிறந்த இடம் ஆகியவற்றோடு பால் என்பதும் 2001-இல் சேர்க்கப்பட்டது. 2013-இல் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, தீபகற்பத்தில் அது 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025-இல் 1,700 ரிங்கிட்டாயிற்று. இந்தத் தொகையில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற பேச்சே இல்லை. 40 காசும் 50 காசுமாக இருந்த பேதத்தின் அடித்தளம் ஒரு சர்க்கார் உத்தரவினால் தகர்ந்தது. முதலாளிகளின் மனம் ஒரே இரவில் மாறிவிட்டதா? மனம் மாறவில்லை, சட்டம் மாறியது. மனம் மாறும்வரை காத்திருந்தால் நம் பாட்டியின் கூலிதான் நம் பேத்திக்கும் கிடைத்திருக்கும்.

ஆனால் சட்டம் எவ்வளவு தூரம் எட்டுகின்றது என்பதில்தான் மோசம் இருக்கின்றது. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சர்க்காரைத்தான் கட்டுப்படுத்துகின்றது. கருவுற்றால் வேலையை விட்டு நீங்கிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண் நீதி கேட்டு உச்ச நீதிமன்றம்வரை சென்றாள். தனிப்பட்ட இருவருக்கு இடையேயான ஒப்பந்தத்தில் அரசியலமைப்பின் சமத்துவ உரிமை குறுக்கிடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் கையை விரித்துவிட்டது. 2011-இலோ, கருவுற்றிருக்கின்றாள் என்பதற்காக ஒரு தற்காலிக ஆசிரியைக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுறுதல் ஒன்றுதான், வேலையிழப்பும் ஒன்றுதான். எஜமானன் சர்க்காராக இருந்தமையால் ஒருத்திக்கு நீதி கிடைத்தது; கம்பெனியாக இருந்தமையால் மற்றொருத்திக்குக் கிடைக்கவில்லை. நாட்டில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கம்பெனிகளிலும், தோட்டங்களிலும், கடைகளிலும் அல்லவோ இருக்கின்றார்கள்? அவர்களுக்கு எட்டாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே?

2022-இல் மலேசிய வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. இரவிலும் நிலத்துக்கடியிலும் பெண்கள் வேலை செய்யலாகாது என்ற பழைய தடை நீங்கியது. வேலையில் காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றித் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அவர் உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு என்றும் விதி வந்தது. இவற்றையெல்லாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அத்திருத்தம் விளக்கவில்லை. வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் உள்ள வழக்கை மாத்திரம் அது பேசுகின்றது. வேலை கேட்டு வந்து வாசலிலேயே திருப்பியனுப்பப்படுகின்றவளுக்கு அதில் இடம் எங்கே? வீட்டுக்குள் இருப்பவனை அடிக்காதே என்று சொல்லிவிட்டு, வாசலில் நிற்பவனை என்ன வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிடுவது முறையாகுமா? பேதம் பெரும்பாலும் நடப்பது வாசலில்தானே!

சிங்கப்பூர் பார்லிமெண்டு 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பால், மணநிலை, கருவுறுதல், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், மதம், மொழி, உடற்குறை, மனநலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றைக் காட்டி ஆளெடுக்கும்போதும் பேதம் செய்யலாகாது, வேலையிலிருந்து நீக்கும்போதும் செய்யலாகாது என்று எழுதியிருக்கின்றது. அதிலும் குறை உண்டு. 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டு விலக்கு அளித்திருக்கின்றார்கள். சின்னக் கடையில் வேலை செய்பவளுக்குச் சின்ன நியாயம் போதும் என்பது கருத்தா? ஆயினும் 2006 முதல் அறிவுரையும் வழிகாட்டியுமாகவே நடத்திப் பார்த்த சிங்கப்பூரே, அறிவுரை மாத்திரம் போதவில்லை என்று கண்டு சட்டத்துக்கு வந்திருக்கின்றது என்பதை மலேசியச் சர்க்கார் கவனிக்க வேண்டும்.

இனி, எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

"தகுதி கெட்டுவிடும்" என்பது முதற் காரணம். தகுதியைப் பார்த்துத்தான் இன்று வேலை கொடுக்கின்றார்கள் என்பதற்கு என்ன சாட்சி? லீ ஹொக் ஆன், முகம்மது அப்துல் காலிட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை மனுக்களை அனுப்பிப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளில் சீனப் பெயர் கொண்ட மனுக்களில் 100-க்கு ஏறத்தாழ 22 பேருக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் கொண்டவற்றில் 100-க்கு ஏறத்தாழ 4 பேருக்கே வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் சிறுபான்மையினர் குறைவு என்று நாம் முறையிடுகின்றோம். தனியார் உத்தியோகத்தில் பெரும்பான்மையினரும் கதவடைப்புக்கு ஆளாகின்றார்கள். ஆகவே சமவாய்ப்புச் சட்டம் என்பது தமிழனுக்குச் சலுகை கேட்கும் மனு என்று எவரும் எண்ண வேண்டாம். மலாய்ப் பட்டதாரிக்கும், சீன மூதாட்டிக்கும், பூர்வகுடி இளைஞனுக்கும் அது வேண்டியதேயாம்.

தகுதி பேசுகின்றவர்களுக்கு இன்னொரு செய்தி. சிங்கப்பூரில் 1979 முதல் 2003 வரை மருத்துவக் கல்விக்குச் செல்லும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். மதிப்பெண் வாங்கிய பெண்ணை நிறுத்திவிட்டு, அவளினும் குறைவாக வாங்கிய ஆணைச் சேர்ப்பதற்கு அந்த வரம்பு வழி செய்தது. அப்போது தகுதி எங்கே போயிற்று?

"பிரசவ விடுமுறை கொடுத்து முதலாளிக்குக் கட்டுப்படியாகாது, ஆகையால் பெண்ணை வைத்துக்கொள்ளத் தயங்குகின்றான்" என்பது இரண்டாவது காரணம். இதில் சிறிது உண்மை உண்டு. அதனாலேதான் இதற்குச் சர்க்கார் கொள்கை வேண்டும் என்கின்றோம். 98 நாட் சம்பளத்தை அந்த ஒரு முதலாளியே சுமக்க வேண்டுமென்றால், அவன் இளம்பெண்ணின் மனுவை ஒதுக்கத்தான் பார்ப்பான். பிள்ளை பிறப்பது ஒரு கம்பெனியின் நன்மைக்காகவா? நாட்டின் நன்மைக்காகவன்றோ? பிரசவச் செலவை முதலாளி தனியே ஏற்கும்படி விடாமல், சமூகக் காப்புறுதி வழியாகவோ பொதுப்பணத்திலிருந்தோ கொடுக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டு மகப்பேற்று உடன்பாடு கூறுகின்றது. சிங்கப்பூரில் முதலிரண்டு பிள்ளைகளுக்கு 16 வாரத்தில் பிற்பாதி 8 வாரச் சம்பளத்தை அரசாங்கமே ஏற்கின்றது. மலேசியாவில் பெர்கேசோ என்ற சமூகக் காப்புறுதி நிறுவனம் தயாராக இருக்கின்றது. விபத்துக்கு அங்கே நிதி உண்டு. பிரசவத்துக்கு மாத்திரம் ஏன் இல்லை?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமையால் பெண் வேலைக்கு வரமுடியாது என்கின்றார்கள். லாபமே குறியாக இருந்த வெள்ளைக்காரத் துரைமார், பெண்ணின் கை பால்மரத்துக்குத் தேவைப்பட்டபோது தோட்டந்தோறும் ஆயாக்கொட்டகை வைத்தார்கள். விடியுமுன் தாய் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன பிள்ளையை ஆயா பார்த்துக்கொண்டாள். பழைய லயத்தில் முடிந்த காரியம் இன்றைய தொழிற்பேட்டையிலும் பட்டணத்து ஆபீசிலும் முடியாதென்பது வீண் சாக்கு. 2023-இல் மலேசியாவில் வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் 100-க்கு ஏறத்தாழ 83 பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். பெண்களில் ஏறத்தாழ 56 பேரே இருந்தார்கள். இந்த வித்தியாசம் சோம்பலால் வந்ததன்று. வீட்டு வேலையைக் கூலியின்றிச் செய்வோரை நாடு வேலையில் சேர்த்தே எண்ணுவதில்லை.

"இனப் பேச்சை எடுத்தால் ஒற்றுமை கெடும், 153-ஆவது பிரிவைத் தொடாதே" என்பது மூன்றாவது காரணம். நாம் அதனை மறுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை. அந்தப் பிரிவை முழுமையாகப் படியுங்கள் என்று மாத்திரம் வேண்டுகின்றோம். மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் தனிநிலையோடு, ஏனைய இனத்தாரின் நியாயமான நலன்களையும் காப்பது பேரரசரின் பொறுப்பு என்று அதன் முதல் வாசகமே கூறுகின்றது. சேவையிலுள்ள ஒரே தரத்தினரை இன வேறுபாடின்றி ஒப்ப நடத்த வேண்டும் என்னும் 136-ஆவது பிரிவை இது குறைக்காது என்றும் அதே 153-இன் உட்பிரிவு சொல்லுகின்றது. அரசியலமைப்பை முழுதும் நிறைவேற்றுங்கள் என்று கேட்பது எவ்வாறு ஒற்றுமைக்குக் கேடாகும்? 2017-இல் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசாங்கச் சேவையில் இந்தியரின் பங்கு 100-க்கு 7 ஆக வேண்டுமென்று குறிக்கோள் வைத்தது. ஆனால் தவறினால் யார் பதில் சொல்வது என்று அதில் கண்டதில்லை. பதில் சொல்வார் இல்லாத குறிக்கோள், சுவரில் மாட்டிய படத்துக்கு ஒப்பாகும்.

சர்க்கார் மனம் வைத்தால் விதி செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கின்றது. பங்குச் சந்தையில் பதிவான எல்லாக் கம்பெனிகளும் இயக்குநர் சபையில் ஒரு பெண்ணையேனும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூன் முதல் நடக்கின்றது. நல்லதே. ஆனால் இயக்குநர் சபை மேசைக்கு எட்டிய விதி, அதே கம்பெனியின் செம்பனைக் காட்டுக்கு எட்டவில்லை. மேலே ஒருத்தி நாற்காலியில் அமருகின்றாள். கீழே ஆயிரம் பெண்கள் மருந்துத் தோம்பைச் சுமக்கின்றார்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு 2020-இல் தான் இந்நாட்டில் முழுத் தடை வந்தது. அதுவரை அந்த நஞ்சைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்களே. மூக்கில் இரத்தமும், நகத்தில் புண்ணுமாக அவர்கள் டிஸ்பென்சரிக்கு வந்து நின்றதைத் தோட்டத்திலிருப்போர் அறிவர். நல்ல வேலைக்குப் பெண்ணை "மெல்லியள்" என்று தள்ளியவர்கள், நஞ்சுக்கு மாத்திரம் அவளை வலியவளாக்கினார்கள்!

சர்க்காரைக் கேட்கின்ற நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? "மாண்டரின் தெரிந்தவர் மாத்திரம்" என்ற விளம்பரத்தைக் கண்டு, வேலைக்குத் தேவையில்லாத மொழியைக் காட்டி இனத்தை ஒதுக்குகின்றார்களே என்று நாம் கொதிக்கின்றோம். கொதிப்பது நியாயமே. ஆனால் தமிழர் கடைகளிலே, ஒரே கல்லாவில் நிற்கும் பையனுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்கு ஒரு சம்பளமும் கொடுக்கின்ற முதலாளிகள் இல்லையா? "கலியாணம் எப்போது?" என்று கேட்ட பிறகே பெண்ணுக்கு வேலை கொடுக்கின்றவர்கள் இல்லையா? ஊரும் தெருவும் விசாரித்துச் சாதியை அறிந்துகொண்டு ஆள் எடுக்கின்றவர்கள் இன்றும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? வெளியிலே சமத்துவம் கேட்டு, உள்ளே பேதம் செய்கின்ற சமூகத்தின் குரலுக்கு வலிமை எவ்வாறு உண்டாகும்? சட்டம் வந்தால் அது நம் கடைக்கும் வரட்டும். அதனை நாமே முதலில் வரவேற்போம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. வேலையில் இருப்போருக்கும் வேலை தேடி வருவோருக்கும், சர்க்கார் சேவைக்கும் தனியார் தொழிலுக்கும் பொதுவாகச் சமவாய்ப்புச் சட்டம் ஒன்று வேண்டும். பாகுபாடு இன்னதென்று அது விளக்க வேண்டும். மணமும் கருவும் பற்றி நேர்முகத்தில் கேட்பதும், காரணமின்றி இனத்தையும் மொழியையும் விளம்பரத்தில் குறிப்பதும் குற்றமாக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இலாகாவும் பெரிய கம்பெனியும், எந்தத் தரத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண், எந்த இனம், என்ன சம்பளம் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரசவச் சம்பளம் சமூகக் காப்புறுதியின் பொறுப்பாக வேண்டும். தோட்டத்திலே இயந்திரம் ஓட்டவும், மேற்பார்க்கவும், கணக்கெழுதவும் பெண்களுக்குப் பயிற்சியும் பதவியும் கொடுக்க வேண்டும்.

சகோதரிகளே, தோழர்களே! சம்பளச் சீட்டையும் வேலைக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஒதுக்கிய விளம்பரத்தை வெட்டி வையுங்கள். பேதம் நடந்தால் தனியே அழுது தீர்க்காமல், சங்கத்தின் துணையோடு தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன குறை காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த குறைக்கு அதிகாரி பதில் எழுதியே தீரவேண்டும். ஓட்டுக் கேட்டு வருகின்றவரிடம் அரிசிப் பையும் கோவில் மானியமும் கேட்பதை விடுத்து, இந்தச் சட்டத்துக்குக் கை தூக்குவாயா என்று கேளுங்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நம் முன்னோர் நீட்டிய தாளிலுள்ள கோரிக்கைகளில் பாதி இன்னும் பாக்கியிருக்கின்றது. அந்தப் பாக்கியை வசூலிக்கும் கடமை நம்முடையது.